காதுக்குக் கேட்காத ஊளை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் ஆம்பிளிஃபயர் செய்து பழகியவர்களுக்கு ஆகாசவாணி ஓர் அழையா விருந்தாளி. போர்டைச் சாலிடர் செய்து முடித்து, இன்புட்டில் எதையும் சொருகாமல், ஸ்பீக்கரை மாட்டி ஸ்விட்சைப் போட்டால் போதும். ஹம் சத்தத்துக்குப் பின்னால் யாரோ செய்தி வாசிப்பார்கள். செம்பரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நான் முதன்முதலில் செய்த டோன் போர்டு அப்படித்தான் பேசியது. அம்மா பயந்துபோய், "யார்றா அது?" என்றார்.

ஆவடியில் இருந்தது ஆகாசவாணியின் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர். சென்னை ஏ அலைவரிசை, 720 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். வயதானால் அதுவும் பாதியாகும். 720 கிலோஹெர்ட்ஸ் எந்தக் காதுக்கும் கேட்காது. ஆனால் ஆப்-ஆம்ப் ஐசியின் வாசலில் இருக்கும் டிரான்சிஸ்டருக்குக் கேட்கும். அந்தக் காலத்துக் கிரிஸ்டல் ரேடியோவில் கிரிஸ்டல் செய்த வேலையை அது தன்னை அறியாமல் செய்கிறது: கேட்காத அலையைப் பிரித்து, அதற்குள் இருக்கும் குரலை வெளியே எடுத்துப் போடுகிறது. பைபோலார் இன்புட் உள்ள 5532 இதில் கில்லாடி. ஃபெட் இன்புட் உள்ள டிஎல் 072 அவ்வளவு எளிதில் மாட்டாது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. "காதுக்குக் கேட்காததைப் பற்றி நமக்கென்ன? பாட்டு நல்லா இருக்கா, அவ்வளவுதான்" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. காதுக்குக் கேட்காதது ஆம்பிளிஃபயருக்குள் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ஆவடியைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

சண்டை எதைப் பற்றி என்று தெரியாதவர்களுக்காக. கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஆம்பிளிஃபயர் அசெம்பிள் செய்வது மறுபடியும் இளைஞர்களின் பொழுதுபோக்காகி இருக்கிறது. நல்ல விஷயம். ரிச்சி தெருவில் ஒரு டோன் போர்டு, ஒரு டிடிஏ 2030 போர்டு, 12-0-12 டிரான்ஸ்பார்மர், ஒரு பழைய கேபினெட். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் பாட்டு வந்துவிடும். வந்த பாட்டோடு நின்றிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓர் அண்ணன் வந்துவிடுகிறார். "தம்பி, அந்த 4558-ஐ தூக்கிப் போடு. எல்எம் 4562 மாட்டு. சவுண்டே வேற லெவல்." டீ காசுக்குக் கிடைக்கும் ஐசியைக் கழற்றிவிட்டு பிரியாணி காசுக்கும் மேலே போகும் ஐசியைச் சாக்கெட்டில் செருகுகிறார்கள். பிறகு வர்ணனை தொடங்குகிறது: மேடை விரிந்தது, திரை விலகியது, பாடகி மூச்சு வாங்குவது தெரிகிறது, சவுண்டில் காற்றோட்டம் வந்துவிட்டது. நம் இலக்கிய விமர்சனத்தில்கூட இவ்வளவு தாராளமாக யாரும் பெயரடைகளைச் செலவழிப்பதில்லை.

இந்த வர்ணனைகள் பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. அவற்றில் சில உண்மை. பிரச்சினையே அதுதான்.

ஆப்-ஆம்ப் என்பது தன்னைத்தானே திருத்திக்கொண்டே இருக்கும் கருவி. உள்ளே அதன் பெருக்கம் லட்சம் மடங்கு. அப்படியே விட்டால் எதற்கும் உதவாது. அதனால் வெளியே வருவதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துவந்து எதிர்மறையாக உள்ளே கொடுக்கிறோம்: நீ அதிகமாகப் போய்விட்டாய், குறை, குறைவாகப் போய்விட்டாய், கூட்டு. இதுதான் எதிர்ப் பின்னூட்டம். 1927 ஆகஸ்ட் 2-ம் தேதி காலையில் வேலைக்குப் போகும்போது, ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில், கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் தாளின் மேலேயே ஹரால்ட் பிளாக் இதை வரைந்தார். லட்சத்தைத் தியாகம் செய்து பத்து மடங்கு வாங்கிக்கொள்கிறோம். மிச்சமெல்லாம் திரிபைக் குறைப்பதற்குச் செலவாகிறது. டிஸ்டார்ஷன் என்று நாம் சொல்லும் திரிபு, உள்ளே போன அலையின் உருவத்துக்கும் வெளியே வந்த அலையின் உருவத்துக்கும் உள்ள வேறுபாடுதான்.

திருத்தம் நேரத்துக்கு வர வேண்டும் என்பதில்தான் சிக்கல். எங்கள் ஊர் ஏரியை வைத்துச் சொல்கிறேன். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு மட்டம் 24 அடி. மதகில் இருப்பவர் அளவுகோலைப் பார்த்து ஷட்டரைத் திறக்கிறார், மூடுகிறார். அளவு உடனுக்குடன் தெரிந்தால் ஏரி ஆடாமல் நிற்கும். ஆனால் இப்போதைய அளவு அவருக்கு ஆறு மணி நேரம் கழித்துத்தான் தெரிய வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரி நிரம்பிய செய்தி வரும்போது அது ஏற்கெனவே வழிந்துகொண்டிருக்கும். அவர் முழுக்கத் திறப்பார். வற்றிய செய்தி வரும்போது தரை தெரியும். அவர் முழுக்க மூடுவார். மழையே இல்லாவிட்டாலும் ஏரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 2015 டிசம்பரில் இங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டதைப் பற்றி நடந்த வாதங்களில்கூட 'எவ்வளவு' என்பதைவிட 'எப்போது' என்பதுதானே பெரிய கேள்வியாக இருந்தது!

ஐசிக்குள்ளும் இதே கதைதான். அதிர்வெண் ஏற ஏற, திரும்பி வரும் திருத்தம் தாமதமாகிறது. தாமதம் அரைச் சுற்றை எட்டும்போது 'குறை' என்ற கட்டளை 'கூட்டு' என்று மாறிவிடுகிறது. அந்த இடத்தில் பெருக்கம் இன்னும் மிச்சமிருந்தால் ஐசி யாரும் கேட்காமலேயே தானாக அலறத் தொடங்கும். 1932-ல் ஹாரி நைக்விஸ்ட் இதற்கான கணக்கை எழுதி முடித்துவிட்டார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. சாக்கெட் மாற்றும் அண்ணன்மார்களிடம் இன்னும் வந்து சேரவில்லை.

1965-ல் வந்த 709 ஐசிக்கு இந்த அலறலை அடக்கும் கெபாசிட்டரை நாம்தான் வெளியே மாட்ட வேண்டும். 1968-ல் வந்த 741-க்குள் 30 பைக்கோஃபேரட் கெபாசிட்டரை உள்ளேயே வைத்துவிட்டார்கள். ஐசி மெதுவானது, ஆனால் எவர் கையில் கொடுத்தாலும் அலறாது. 741 ஊர் ஊராகப் பரவியதற்கு இதுவே காரணம். 4558 அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 3 மெகாஹெர்ட்ஸ்தான் அதன் வேகம். சுமாரான போர்டு, நீளமான ஒயர், சரியாக வைக்காத கெபாசிட்டர் எல்லாவற்றையும் அது பொறுத்துப்போகும். எல்எம் 4562-இன் வேகம் 55 மெகாஹெர்ட்ஸ். பதினெட்டு மடங்கு. 4558-க்காக வரைந்த போர்டில், சப்ளை கெபாசிட்டர் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும் போர்டில், அடாப்டர் கால்களின் மேல் அதை நிற்கவைப்பது, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பந்தயக் கார் ஓட்டுவது மாதிரி. காரின் மேல் தவறில்லை.

இன்னும் மோசம், சில ஐசிகள் வேகத்துக்காக அந்த உள் கெபாசிட்டரைக் குறைத்தே செய்யப்பட்டவை. 5534-ஐ மூன்று மடங்குக்குக் கீழே பெருக்க வைத்தால் வெளியே ஒரு கெபாசிட்டர் கேட்கும். ஓபி 37, ஓபிஏ 637 இரண்டும் ஐந்து மடங்குக்குக் கீழே நிலைக்காது. டேட்டாஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கும் பஃபரில் இவற்றை மாட்டிவிட்டு "சவுண்டு ரொம்ப ஷார்ப்பா இருக்கு அண்ணே" என்றால், இருக்கத்தான் செய்யும்.

நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். 4558-ஐக் கழற்றிவிட்டு விலை உயர்ந்த ஒன்றை மாட்டி, இரண்டு வாரம் ராஜா பாட்டாகக் கேட்டுத் தீர்த்தேன். ஹை-ஹாட் சத்தம் மினுங்கியது, வயலின் கூட்டம் கூரை வரை ஏறியது. நண்பர்களைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். ஒருநாள் தற்செயலாக ஐசியின் மேல் விரல் பட்டது. சுட்டுவிட்டது. பாட்டே போடாதபோதும் சூடு. தெரிந்தவர் ஒருவரின் பழைய ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். 4 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தடித்த பட்டையாக ஓர் அலை, நான் பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் நிற்காமல் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நான் இரண்டு வாரம் சிலாகித்த மினுமினுப்பு, ஐசி தன் பாதி பலத்தை ஊளையிடுவதற்கே செலவழித்துவிட்டு மிச்சத்தில் பாடிய பாட்டின் கரகரப்பு. காய்ச்சல்காரனின் கன்னச் சிவப்பைப் பார்த்து "என்னமா தேஜஸ்" என்று சொல்லியிருக்கிறேன்.

ஐசியின் சப்ளை கால்களை ஒட்டி 100 நேனோஃபேரட் கெபாசிட்டர் இரண்டு, அவுட்புட்டில் 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மொத்தச் செலவு ஐந்து ரூபாய்கூட இல்லை. ஊளை நின்றது. அன்று இரவு கேட்டபோது சவுண்டு சப்பென்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த நோய் பிடித்துப்போயிருந்தது. அது நோய் என்று தெரிந்த பிறகும் ஒரு வாரம் அதற்காக ஏங்கினேன். காது பொய் சொல்லவில்லை, வித்தியாசத்தைச் சரியாகத்தான் பிடித்தது. அது நல்ல வித்தியாசமா கெட்ட வித்தியாசமா என்று தீர்ப்பு எழுத அதற்கு யோக்கியதை இல்லை.

"மீட்டர் பார்க்கிறவன் ரசிகன் இல்ல" என்ற வசனத்துக்கு இப்போது வருகிறேன். இதைச் சொல்பவர்கள் மிருதங்கத்துக்கு ஸ்ருதி சேர்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கமாட்டார்கள். கல்லை வைத்து விளிம்பைச் சுற்றி ஒவ்வோர் இடமாகத் தட்டி, தம்புராவோடு ஒத்துப்பார்த்து, மறுபடி தட்டி, மறுபடி ஒத்துப்பார்ப்பது. அது அளவெடுப்பு இல்லாமல் வேறென்ன? சி.வி. ராமன் 1920-ல் நேச்சர் இதழில் மிருதங்கம் பற்றி எழுதினார். சாதாரண முரசின் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. மிருதங்கத்தின் நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சு அவற்றை அடிச்சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண் வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. தோலின் மேல் தூளைத் தூவி, அது படியும் கோலங்களைக் கண்ணால் பார்த்தும் ராமன் இதை ஆராய்ந்தார். இதனால் மிருதங்கத்தின் ரசனை குறைந்துபோனதாக எந்தச் சபாவிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ராமனை இங்கே இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆம்பிளிஃபயரின் திரிபும் இதே முழு எண் வரிசையில்தான் மேல்சுரங்களைச் சேர்க்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 2,000, 3,000 என்று கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டியவற்றின் மொத்தத்தை அசலோடு ஒப்பிட்டால் கிடைப்பதுதான் டேட்டாஷீட்டில் டிஎச்டி என்று போடும் விழுக்காடு. இரண்டாம் மேல்சுரம் காதுக்கு இனிமையாகவே இருக்கும். சிலர் வால்வு ஆம்பிளிஃபயருக்கு உருகுவது இதற்காகத்தான். ஆனால் பாட்டில் ஒற்றைச் சுரம் கிடையாது. இரண்டு சுரம் சேர்ந்து போகும்போது அதே திரிபு அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் சேர்த்துப் பெற்றுப்போடும். அவை எந்த ராகத்திலும் இல்லாதவை. 19,000-மும் 20,000-மும் கொடுத்தால் பாட்டில் இல்லாத 1,000 ஹெர்ட்ஸ் நடுவில் முளைக்கும். ஒற்றைத் தம்புராவோடு இனித்த ஆம்பிளிஃபயர், நாதஸ்வரம் இரண்டும் தவிலும் சேர்ந்தவுடன் சகதியாகிவிடுவது இப்படித்தான்.

எண்களைப் பிடித்துத் தொங்குபவர்களையும் சும்மா விட மாட்டேன். எல்எம் 4562-இன் டேட்டாஷீட்டில் திரிபு 0.00003 விழுக்காடு. உண்மைதான், அவர்களுடைய போர்டில், அவர்களுடைய நிபந்தனையில். அதற்குப் பின்னால் நீங்கள் வைத்திருப்பது டிடிஏ 2030. 4 ஓமில் 14 வாட் வரும்போது அதன் திரிபு 0.5 விழுக்காடு. அதற்கும் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் கோன் பாஸ் அடிக்கும்போது ஒரு விழுக்காட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். முன்னால் இருக்கும் 4558, நிலையாக நின்றால், 0.01-ஐக்கூடத் தொடாது. அதைக் கழற்றிவிட்டு 0.00003 மாட்டுவது கூவத்தில் ஒரு பாட்டில் மினரல் வாட்டர் ஊற்றுவது. "ஸ்பீடு முக்கியம்ணே" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: டோன் போர்டில் 2 வோல்ட் உச்சம், 20 கிலோஹெர்ட்ஸ் அலை. அதற்குத் தேவையான வேகம் மைக்ரோநொடிக்கு 0.25 வோல்ட். 4558-இடம் தயாரிப்பாளரைப் பொறுத்து 1 முதல் 1.7 வரை இருக்கிறது. நாலு மடங்கு கையிருப்பு. இதற்குமேல் அந்த ஏழை ஐசியிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

திரிபு யாரைக் கடிக்கிறது என்று பார்த்தால் கோபம் இன்னும் கூடும். வாட் என்று ஸ்டிக்கரில் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதே டிடிஏ 2030-க்கு டேட்டாஷீட்டில் 18 வாட் என்றும் ஒரு வரி உண்டு, திரிபு 10 விழுக்காடு என்ற நிபந்தனையோடு. கார் செட்டிலிருந்து கல்யாண வீட்டு ஃபங்ஷன் செட் வரை போன 4440 ஐசியின் 19 வாட்டும் 10 விழுக்காட்டுக் கணக்குதான். அலையின் தலை வெட்டுப்பட்டு, மொட்டையாகி, பத்தில் ஒரு பங்கு குப்பையான பிறகு கிடைக்கும் வாட். அந்தப் பத்தை மறைத்துவிட்டு, வாட்டை மட்டும் எடுத்து, நாலால் ஐந்தால் பெருக்கி, 200 வாட் என்று ஒட்டுகிறார்கள். பெட்டிக்குள் இருப்பது 12-0-12, 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர். 24-ஐ 3-ஆல் பெருக்கினால் 72. கடைசியாக நம்பி வாங்குபவர் ஒரு சவுண்டு சர்வீஸ் தம்பி. 200 வாட் என்று நினைத்து, மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் முழு வால்யூமில் வைக்கிறான். மொட்டைத் தலை அலையின் மேல்சுரங்கள் எல்லாம் போய்ச் சேருமிடம் டிவீட்டர். ராத்திரி பத்து மணிக்குள் இரண்டு டிவீட்டர் போய்விடும். வாடகைக் காசில் அதுவும் கழியும். அவனிடம் போய் "மேடை விரிந்தது, திரை விலகியது" என்று சொல்லிப் பாருங்கள்.

இதில் 2030-இன் டேட்டாஷீட் நேர்மையானது. எந்த கெபாசிட்டரைச் சின்னதாக்கினால், எந்த ரெசிஸ்டரைப் பெரிதாக்கினால் ஊசலாடும் அபாயம் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் நேராக அட்டவணை போட்டிருக்கிறார்கள். அவுட்புட்டில் 1 ஓமும் 0.22 மைக்ரோஃபேரடும் சேர்ந்து நிற்பது அலங்காரத்துக்கு அல்ல. விலை குறைந்த போர்டுகளில் முதலில் காணாமல்போவது அந்த ஜோடிதான். பாட்டு அது இல்லாமலும் வரும் என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

"அளக்க லட்சக்கணக்கில் ஆகுமே" என்ற சாக்கும் இப்போது செல்லாது. நல்ல யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்றும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் திரிபை ஆயிரத்தில் சில பங்கு விழுக்காடு வரை வீட்டிலேயே பார்க்கலாம். ஆம்பிளிஃபயருக்கும் கார்டுக்கும் நடுவில் 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் வைத்து வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் போர்டாக இருந்தால் ஸ்பீக்கரின் எந்தக் காலையும் கிரவுண்டில் சேர்க்காதீர்கள், ஐசி அங்கேயே செத்துவிடும். முழு வால்யூமில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். ராத்திரி வீட்டில் கேட்பது 1 வாட்டுக்கும் கீழே; சில ஐசிகளின் அழுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். எல்எம் 324-ஐ மிக்சரில் வைத்துச் செய்தவர்களுக்கு இது தெரியும்.

சவுண்டு கார்டு ஊளையைக் காட்டாது. அதன் பார்வை எவ்வளவு போனாலும் 96 கிலோஹெர்ட்ஸ். 4 மெகாஹெர்ட்ஸ் அதற்கும் நம் காதைப்போலவே இருட்டு. கையடக்கமாக, கிட்டாகக் கிடைக்கும் 200 கிலோஹெர்ட்ஸ் ஸ்கோப்பும் அப்படித்தான்: நேர்கோடு காட்டி "எல்லாம் சரி" என்று சொல்லிவிடும். காது மட்டுமில்லை, தப்பான கேள்வி கேட்டால் மீட்டரும் பொய் சொல்லும். குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் பார்க்கும் பழைய ஸ்கோப் ஒன்றை நாலு பேர் காசு போட்டு வாங்கலாம். 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்து, அதன் மூலையில் எத்தனை தடவை துள்ளி அடங்குகிறது என்று பாருங்கள். ஒரு துள்ளலில் அடங்கினால் நிம்மதி. ஏழெட்டு தடவை துள்ளினால், அவுட்புட்டில் இரண்டு மீட்டர் ஒயர் சேர்ந்ததும் அது ஊளையாகிவிடும்.

ஸ்கோப்பும் இல்லையென்றால் விரலால் தொட்டுப் பாருங்கள்; பாட்டில்லாமல் சுடும் ஐசி சந்தேகத்துக்குரியது. வீட்டில் கிடக்கும் பழைய பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவில் வைத்து, போர்டின் பக்கத்தில் கொண்டுபோய் முள்ளை மெதுவாகத் திருப்புங்கள். ஆம்பிளிஃபயரை அணைத்து ஏற்றும்போது எங்காவது இரைச்சல் மாறினாலோ, விசில் வந்தாலோ, உங்கள் போர்டும் ஒரு குட்டி ஆவடிதான். அந்த எல்லைக்கு மேல் இருக்கும் ஊளை இதில் தப்பிவிடலாம், ஆனாலும் நூறு பெயரடைகளைவிட இந்த ஒரு ரேடியோ எனக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் அந்த ஐசி மாற்றும் அண்ணன் ஒருவரிடம் ஒருமுறை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அளந்து பார்த்து அது நல்லா இல்லன்னு வந்துட்டா, அப்புறம் நான் எப்படி தம்பி ரசிச்சு கேக்கறது?" என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது. தெரிந்துகொண்டால் அழிந்துவிடும் ரசனையை அவரே வைத்துக்கொள்ளட்டும். அதைப் பதினேழு வயதுப் பையனுக்கு ஐசியோடு சேர்த்து விற்காமல் இருந்தால் போதும்.

என் டோன் போர்டின் இன்புட்டில் கடைசியாக 2.2 கிலோ ஓமும் 470 பைக்கோஃபேரடும் சேர்த்தேன். பாட்டுக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை, அளந்து பார்த்துவிட்டேன். ஆகாசவாணி மட்டும் நின்றுபோனது. நாலு நாள் கழித்து அம்மா கேட்டார்: "ஏன்டா, இப்பல்லாம் நியூஸ் வர்றதில்ல?"